கடல் தாண்டிப் போன கம்ப்யூட்டர்



ஊருக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவது நம் வழக்கமில்லை. கப்பலேறிப் போன நம் பெரியவர்கள் தகரப்பெட்டி நிறையச் சாமான் கொண்டு போனார்கள். தையல் மெஷின், வானொலிப் பெட்டி, துணிமணி என்று என்னென்னவோ போயின. இன்று கப்பல் இல்லை, விமானம். சாமானும் மாறிவிட்டது. 2025-இல் எங்கள் வீட்டிலிருந்து ஊருக்குப் போனது ஒரு மேசைக் கம்ப்யூட்டர்.

"மடிக்கணினி என்றால் சரி. அவ்வளவு பெரிய பெட்டியை விமானத்தில் ஏற்ற விடுவார்களா?" என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்டார்கள். விடுவார்கள். ஆனால் பக்குவம் தெரிந்து கொண்டு போக வேண்டும். உங்கள் வீட்டிலும் நாளைக்கு இந்தக் கேள்வி எழலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாருக்காகக் கொண்டு போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அதன்பின் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த என் பெரியப்பாவும் குடும்பத்தோடு பினாங்கில் 'ராஜுலா' கப்பலேறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார். நீலக் கார்டு வாங்கியிருந்த என் அப்பா இங்கேயே தங்கிவிட்டார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த அண்ணன் தம்பியை ஒரு கார்டின் நிறம் பிரித்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

பெரியப்பா மகனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்த அண்ணனின் பேத்தி இப்போது கட்டடப் பொறியியல் படிக்கிறாள். வரைபடம் போடும் பாடத்தைக் கல்லூரிக் கணினிக் கூடத்தில்தான் செய்ய முடியும். வீட்டுக்கு வந்தால் கைப்பேசி ஒன்றுதான். அதில் வீட்டுப் படம் வரைய முடியுமா? "பினாங்குப் பாட்டி, மத்த பிள்ளைங்க எல்லாம் ராத்திரி உக்காந்து வரையுறாங்க. நான் மட்டும் மறுநாள் கூடம் திறக்குற வரைக்கும் காத்திருக்கேன்" என்று தொலைபேசியில் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

என் மகனிடம் சும்மா கிடந்த நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. "இதை வித்துக் காசா அனுப்பிடலாம்மா" என்றான் அவன். நியாயமான பேச்சுதான். விசாரித்துப் பார்த்தோம். பழைய சாமானுக்கு இங்கே கொடுக்கிற விலையில் அங்கே அதில் பாதித் தரத்துக்குக்கூட வாங்க முடியாது என்று தெரிந்தது. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியிருந்ததும் எங்களுக்குத் தோதாகிவிட்டது. சரி, கொண்டே போவோம் என்று முடிவு செய்தோம்.

இனி, கட்டும் முறை. கம்ப்யூட்டரை முழுசாக அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பினால் உள்ளேயிருக்கும் கனமான பாகங்களே அதற்கு எமன். படங்களுக்கான கிராபிக்ஸ் கார்டு ஒரு ஓரத்தில்தான் தாய்ப்பலகையில் செருகியிருக்கும். பெட்டி கீழே விழுந்தால் கார்டின் கனம் அந்தச் செருகுவாயைப் பிய்த்துவிடும். சூடு தணிக்கும் பெரிய விசிறித் தொகுதியும் அப்படித்தான். இரண்டையும் கழற்றித் தனியே பொதிய வேண்டும். பக்கத்துக் கதவு கண்ணாடியாக இருந்தால் அதையும் கழற்றித் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பாகங்களை நிலைமின்சாரம் தாக்காத உறையில் போடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் பை அதற்கு உதவாது.

தகவல் சேமிக்கும் தட்டையும் கிராபிக்ஸ் கார்டையும் கைப்பையில் எடுத்துக் கொண்டோம். சோதனைச் சாவடியின் எக்ஸ்ரே கதிர் தட்டை ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம். திருப்புளியை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். பெரிய பெட்டிக்குள் போடுங்கள். பவர் பேங்க் இருந்தால் அது நேர்மாறு: கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. மின்சாரம் நின்றால் தாங்கும் யு.பி.எஸ். பெட்டியைத் தொடவே வேண்டாம். அதன் பேட்டரியால் வீண் வம்பு வரும். அதை அங்கேயே வாங்கலாம்.

திரையையும் நாங்கள் கொண்டு போகவில்லை. இடத்தை அடைக்கும், எளிதில் உடையும். தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கு இந்தியச் சுங்கத்தில் 2013 முதலே சலுகை இல்லை. கணினித் திரை வேறு, தொலைக்காட்சி வேறு என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட அங்கேயே ஒரு திரை வாங்குவது நிம்மதி. எடையையும் வீட்டிலேயே பார்த்துக் கொள்ளுங்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். தூக்குகிற தொழிலாளியின் முதுகைக் காக்க வந்த வரம்பு அது. தூக்கிப் பிழைத்த நமக்கு அதன் அருமை தெரியாதா?

மின்சாரம் பற்றிக் கவலை வேண்டாம். இங்கும் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறுவது செருகியின் கால்கள்தான். இங்கே தட்டைக் கால்கள், அங்கே உருண்டைக் கால்கள். அந்த ஊர் மின்கம்பி ஒன்று வாங்கினால் போதும்.

அடுத்தது சுங்கம். நாங்கள் போனபோது 2016-ஆம் ஆண்டு விதிகள் நடப்பில் இருந்தன. பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியை வரியில்லாமல் கொண்டு போகலாம். மேசைக் கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது பொதுச் சலுகைக்குள் அடங்க வேண்டும். இந்திய வம்சாவளிச் சுற்றுலாப் பயணிக்கு அது அப்போது 50,000 ரூபாயாக இருந்தது. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை. நீங்கள் புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துக் கொள்ளுங்கள். வாங்கிய ரசீதைக் கையில் வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் பச்சை வழியில் நழுவாமல், சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். மறைத்து அகப்பட்டால் வரியோடு அபராதமும் மானக்கேடும் சேரும்.

உடைந்தால் யார் பொறுப்பு? மொன்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. மலேசியாவும் இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளன. பயணப் பெட்டி சேதமானால் ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். ஈட்டுத் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. பொருளுக்கே உரிய குறையால் உடைந்தது என்றால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே கட்டுமுன் ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடித்து வையுங்கள். பெட்டி கைக்கு வந்ததும் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் திறந்து பாருங்கள்.

எங்கள் பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம். வீடு சேர்ந்ததும் எல்லாரும் "போட்டுக் காட்டு" என்றார்கள். மகன் மறுத்துவிட்டான். குளிரிலிருந்து புழுக்கத்துக்கு வந்த சாமானில் ஈரம் கோத்திருக்கும், சில மணி நேரம் பொறுக்க வேண்டும் என்றான். அந்த நேரத்தில்தான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, இந்தச் சாமானெல்லாம் ஒங்க ஊருலதான் செய்யுறாங்களாமே?" என்றார். ஆமாம் என்றேன். பாயான் லெப்பாசில் 1972-இல் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தார்கள். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டு அங்கேதான் தொடங்கியது. எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் விடியற்காலை தொழிற்சாலை பஸ் ஏறினோம். பால் வெட்டிய கை நுண்ணோக்கியின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பிடித்தது. நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படி உட்கார்ந்தவள்தான். ஆனால் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்ததில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா போறதுக்கு முந்தி உங்க அப்பா பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார். கைப்பையில் பத்திரமாக வந்த அந்தத் தட்டில், பெரியப்பா என் அப்பாவுக்கு எழுதிய விமானக் கடிதங்களை மகன் படமாக்கி வைத்திருந்தான். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் பேத்தி முதலில் திறந்தது வரைபடத்தை அல்ல, அந்தக் கடிதங்களைத்தான். தாத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அண்ணன் தன் தகப்பனாரின் கையெழுத்தை அன்றுதான் இத்தனை பெரிதாகப் பார்த்தார்.

வாசகர்களே, உங்கள் பெட்டிக்குள்ளும் இப்படி ஏதாவது இருக்கலாம். பழைய கடிதமோ, கல்யாணப் படமோ, எதுவானாலும் பயணத்துக்கு முன் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கம்ப்யூட்டர் உடைந்தால் உழைத்து வாங்கலாம். அந்தக் கையெழுத்தை எந்தக் கடையில் வாங்குவது?