ஒரே கிரைண்டர் மாவு

உங்கள் கம்ப்யூட்டரில் எந்த பிரவுசர் வைத்திருக்கிறீர்கள்?

'குரோம்' என்று சொன்னால், உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஜனம் உங்கள் பக்கம். 'ஃபயர்ஃபாக்ஸ்' என்றால் நீங்கள் நூற்றில் இரண்டு மூன்று பேரில் ஒருவர். கொஞ்சம் பிடிவாதக்காரர். 'பிரவுசர்னா என்ன சார்? நான் கூகுள்லதான் பார்ப்பேன்' என்கிறீர்களா? தப்பே இல்லை. இந்த வாரம் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டில் இது ஒரு குடும்பப் பிரச்னை. என் மைத்துனன் வெப்சைட் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான். சாப்பிடுவான். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற்றிவிட்டுப் போவான். திங்கட்கிழமை காலையில் நான் திரும்ப குரோமுக்கு மாற்றுவேன். மூன்று வருடமாக இந்த யுத்தம் நடக்கிறது.

சென்ற வருடம் ஒரு ராத்திரி. மகளுக்கு காலேஜ் விண்ணப்பம். கடைசி நாள், பன்னிரண்டு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். வழக்கம்போல கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போட்டவன் நான்தான். மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து ஃபயர்ஃபாக்ஸில் நிரப்பினான். போட்டோ ஏற்றியாச்சு. மார்க் ஷீட் ஏற்றியாச்சு. 'சமர்ப்பி' என்ற பட்டனை அமுக்கினால்... ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினான். கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருக்கிறது.

"மாமா, மணி பதினொண்ணு நாற்பது!" மகள் குரலில் அழுகை வந்துவிட்டது. என் மனைவி வாசல்படியில் நின்று, அந்தத் தளத்தைக் கட்டியதே நான்தான் என்பதுபோல என்னைப் பார்க்கிறாள். மைத்துனனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். குரோமைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பி அமுக்கினேன். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போனதைவிட நான் ஜெயித்ததில்தான் எனக்குச் சந்தோஷம் அதிகம். "பார்த்தியா மாப்ளே, எது பெஸ்ட்டுன்னு?"

அவன் நிதானமாகச் சொன்னான். "அத்தான், டெய்லர் ஒருத்தனுக்கு மட்டும் அளவெடுத்து ஊருக்கே சட்டை தைச்சிருக்கான். மத்தவனுக்குப் பத்தலைன்னா அது மத்தவன் உடம்போட தப்பா?"

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த டெய்லரை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

*

2001. திருச்சியில் பி.காம். ரிசல்ட் பார்க்க ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். பிளைவுட் தடுப்பு, உறுமுகிற ஃபேன், மணிக்கணக்கில் வாடகை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைக்கார அண்ணன், "அந்த நீல 'ஈ'யை ரெண்டு தட்டு தட்டு தம்பி" என்றார். ஈயைத் தட்டினேன். இன்டர்நெட் வந்தது. ரொம்ப நாளைக்கு அந்த நீல ஈதான் இன்டர்நெட் என்றே நினைத்திருந்தேன்.

அதன் பெயர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், மைக்ரோசாஃப்டின் சரக்கு. அதற்கு முன்னால் நெட்ஸ்கேப் என்று ஒன்று ராஜ்ஜியம் பண்ணிக்கொண்டிருந்தது. 1994-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்தது. கம்ப்யூட்டர் வாங்கும்போதே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதை விட்டுவிட்டு யார் இன்னொன்றைத் தேடிப் போவார்கள்? 1998-ல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்டை இரண்டாக உடைக்கச் சொல்லி 2000-ல் தீர்ப்பு வந்தது. செய்தது சட்டவிரோதம்தான், ஆனால் உடைக்க வேண்டாம் என்று 2001-ல் மேல்கோர்ட் சொன்னது. அதற்குள் நெட்ஸ்கேப் ஓய்ந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நீல ஈ.

ஜெயித்தவர் அப்புறம் என்ன செய்தார்? தூங்கினார்! 2001 ஆகஸ்டில் ஆறாவது பதிப்பு. அடுத்தது 2006 அக்டோபரில். நடுவில் ஐந்து வருடம், குதித்துக் குதித்து வரும் விளம்பர ஜன்னல்களோடும் வைரஸோடும் நாம் குடித்தனம் நடத்தினோம். வெப்சைட்காரர்கள் அதற்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தார்கள். 'இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்ற போர்டு ஞாபகம் இருக்கிறதா?

தமிழ் படிக்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். அப்போது தளத்துக்குத் தளம் வேறு ஃபான்ட். அது இல்லையென்றால் திரையில் தமிழுக்குப் பதிலாகக் கொக்கியும் புள்ளியும்தான் தெரியும். பக்கத்தோடு ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்பும் வித்தை ஒன்று வந்தது. நீல ஈக்கென்று செய்து அனுப்பியது மற்ற பிரவுசர்களில் வேலை செய்யாது. யுனிகோட் வந்து நிம்மதி என்று நினைத்தால், ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு ஓரமும் நேராக வருமாறு அமைத்த பக்கங்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிய்ந்து கிடக்கும். 2008-ல் மூன்றாவது பதிப்பு வந்தபோதுதான் அது சரியானது. அதுவரைக்கும் சொந்த மொழியைப் படிப்பதற்கே ஒரு கம்பெனியின் ஜன்னலில் போய் நிற்க வேண்டியிருந்தது. அதைத்தான் டெய்லர் என்றேன்.

தூக்கத்தைக் கலைத்தது ஃபயர்ஃபாக்ஸ்தான். நெட்ஸ்கேப் 1998-ல் தன் நிரலை ஊருக்கே திறந்துவிட்டது. அந்த வழியில் வந்த பிள்ளை இது. 2004 நவம்பர் 9-ம் தேதி முதல் பதிப்பு. ஒரே ஜன்னலுக்குள் பல டேப்கள், குதிக்கும் விளம்பரங்களுக்குத் தடை. 2008 செப்டம்பரில் குரோம் வந்தது. அதை வளர்த்தெடுத்தவர் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. ஒவ்வொரு டேப்பையும் தனித்தனியாக ஓட்டும். ஒன்று படுத்தால் மற்றவை படுக்காது. அதற்கு விலையாக மெமரியைக் கொஞ்சம் அதிகமாகவே தின்னும். ஆனால் வேகம்! நான் அப்போது குரோமுக்குப் போனவன்தான். நீல ஈயை மைக்ரோசாஃப்டே 2022 ஜூனில் அடக்கம் பண்ணிவிட்டது.

*

சரி, இன்றைக்கு எது நல்லது?

பிரேவ் விளம்பரங்களைத் தானே தடுக்கிறது. எட்ஜ் விண்டோஸோடு வருகிறது. விவால்டியில் எதை வேண்டுமானாலும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓபரா பழைய கை. நம்ம ஊர் ஸோஹோ 2023-ல் 'உலா' என்று ஒன்று கொண்டுவந்தது. வேலைக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி என்று பிரித்துவைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு ருசி.

ஆனால் சமையலறைக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு தெருவில் ஆறு இட்லிக் கடை. போர்டு வேறு, சட்னி வேறு, சாம்பார் வேறு. மாவு மட்டும் ஒரே கிரைண்டரில் ஆட்டியது! மேலே சொன்ன எல்லாமே, குரோமையும் சேர்த்து, குரோமியம் என்ற ஒரே மாவு. அது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய மாவுதான், மறுக்கவில்லை. ஆனால் கிரைண்டர் ஸ்விட்ச் பக்கத்தில் பெரும்பாலும் நிற்பது கூகுள் ஆள்தான். தனி மாவு வைத்திருக்கும் பெரிய கடைகள் இரண்டு. ஒன்று ஃபயர்ஃபாக்ஸ். இன்னொன்று ஆப்பிளின் சஃபாரி. அது ஆப்பிள் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும். நம் நாட்டு ஐபோனில் நீங்கள் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிள் மாவுதான்.

மாவு ஒன்றானால் என்ன கெட்டுப்போச்சு? விளம்பரங்களைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற துணை நிரல் லட்சக்கணக்கானவர்களுக்குப் பிரியமானது. துணை நிரல்களுக்கான விதிகளை கூகுள் மாற்றியது. பாதுகாப்புக்காக என்றது. 2024, 2025-ல் பழைய விதிக்காரர்களைக் குரோம் வெளியே அனுப்பியது. இப்போது அங்கே கிடைப்பது அதன் இளைத்த தம்பி. ஃபயர்ஃபாக்ஸில் அண்ணன் முழுசாக இருக்கிறார். கூகுளின் பிழைப்பே விளம்பரம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எது இலவசம் என்றாலும், பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுவான். இந்த ஜன்னல்களெல்லாம் இலவசம். அப்புறம் யார் பணம் கட்டுகிறார்கள்? சஃபாரியில் தன் தேடல் முதலில் நிற்பதற்காக கூகுள் 2022-ல் மட்டும் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர்! அமெரிக்க கோர்ட் ஆவணத்தில் வந்த கணக்கு இது. தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு. குரோமை விற்கச் சொல்லுங்கள் என்று அரசு கேட்டதை அதே நீதிபதி 2025 செப்டம்பரில் மறுத்துவிட்டார்.

ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் சுத்தமா? அதை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பதுதான். இதைக் கண்டுபிடித்ததும் மைத்துனனுக்கு போன் போட்டேன். "மாப்ளே, உங்க புரட்சிக்காரருக்குச் சாப்பாடே எதிர்வீட்டிலிருந்துதான் வருது!"

"தெரியும் அத்தான். அந்தச் சாப்பாடும் நின்னுட்டா இன்னொரு கிரைண்டர் ஓட ஆளே இல்லை. அதான் என் பயம்" என்றான். என்னிடம் பதில் இல்லை.

ஆக, என் தீர்ப்பு இதுதான். வேகத்துக்கும், எல்லாத் தளமும் மறுபேச்சில்லாமல் திறப்பதற்கும் குரோம். விளம்பரத் தொல்லை இல்லாமல் படிப்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ். இரண்டையும் வைத்திருங்கள். வாடகையா கேட்கிறார்கள்? முக்கியமாக, ஒரு தளம் ஒன்றில் வேலை செய்யவில்லை என்றால், இன்னொன்றில் முடித்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். அந்தத் தளத்துக்காரருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். நான் அந்த ராத்திரி எழுதவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

பிரவுசருக்குத் தமிழில் உலாவி என்கிறோம். உலா என்பது பழைய இலக்கிய வகை. ராஜா வீதியில் உலா வருவார். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவரைப் பார்ப்பார்கள். இப்போது நாமெல்லாம் ராஜா. தினமும் உலா போகிறோம். பார்ப்பவர்கள்தான் மாறிவிட்டார்கள். எந்தச் செருப்பை எத்தனை விநாடி பார்த்தோம் என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள்.

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. முதல் வாரம் கம்ப்யூட்டர் லேபிலிருந்து போன் பண்ணினாள். "அப்பா, இங்க எல்லா மெஷின்லயும் ஒரே ஒரு பிரவுசர்தான் இருக்கு!"

மைத்துனனிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.