தலகாணியும் ஒரு பழைய ப்ரியஸும்

கத்திரி வெயில். மதியம் ரெண்டு மணி. கொள்ளிடம் பாலம் தாண்டி சீர்காழி வர்றதுக்குள்ள டேஷ்போர்டுல ஒரு முக்கோணம். அதுக்குள்ள ஒரு ஆச்சரியக்குறி. கூடவே "செக் ஹைபிரிட் சிஸ்டம்"னு ஒரு வரி. பின் சீட்டுல அம்மா தூங்கிட்டு இருக்காங்க. பக்கத்துல அப்பா. நான் ஒண்ணும் நடக்காத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு ஓட்டறேன்.

"என்னடா அது, புதுசா ஒரு லைட்டு?"

"ஒண்ணுமில்லப்பா."

இருபது வருஷத்துக்கு மேல ஃபைபர் படகுல கடலுக்குப் போன மனுஷன்கிட்ட "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லி ஏமாத்த முடியுமா? ஏசியைக் கூட்டி, வேகத்தைக் குறைச்சு, தரங்கம்பாடி தாண்டி கோட்டுச்சேரிமேடு வந்து சேர்ற வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசல. அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு.

கொஞ்சம் முன்கதை சொல்லிடறேன்.

அம்மாவுக்கு இதய வால்வுல பிரச்சினை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை புதுச்சேரி ஜிப்மர்ல செக்கப். போக சுமார் 130 கிலோமீட்டர், வர அதே 130. பஸ்ல அவங்களால உட்கார முடியல. ஒவ்வொரு தடவையும் வாடகை கார் எடுத்தா கட்டுப்படியாகல. அந்த நேரம் பார்த்து சென்னையில கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் வெளிநாடு கிளம்பினார். அவர்கிட்ட 2011 மாடல் டொயோட்டா ப்ரியஸ் ஒண்ணு இருந்துச்சு. "பழைய ஹைபிரிட்டை யாரும் தொட மாட்டேங்கறாங்க, நீ எடுத்துக்கறியா?"ன்னார். அவர் சொன்ன விலைக்கு ஒரு புது ஸ்விஃப்ட்ல பாதிகூட வராது. எடுத்துட்டேன்.

ப்ரியஸ் முதல் முதலா ஜப்பான்ல விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பர்ல. நான் பொறந்ததும் அதே வருஷம்தான். அந்தப் பாசமும் ஒரு காரணம்னு வச்சுக்கங்களேன். (காரைக்கால்னதும் வெளியூர் நண்பர்கள் விசாரிக்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு பெட்ரோல் விலை. இன்னொண்ணு உங்களுக்கே தெரியும். லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல குடுக்கிற வண்டியை வச்சுக்கிட்டு முதல் விஷயத்துல நான் ராஜா மாதிரி திரிஞ்சேன்.)

மறுநாளே ஒரு சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டு போனேன். கம்ப்யூட்டரை மாட்டினாங்க. பி0ஏ80ன்னு ஒரு கோடு வந்துச்சு. "பேட்டரி போச்சு சார். முழுசா மாத்தணும்." சொன்ன தொகை, நான் வண்டி வாங்கின விலையில முக்கால்வாசி. தலையாட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுல அம்மா சொன்ன முதல் வார்த்தை, "வித்துடுடா தம்பி. நான் பஸ்லயே போய்க்கறேன்." பஸ்ல போனா என்ன ஆகும்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

இன்ஜினியரிங் படிச்சவனுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு வீடியோ பார்த்துட்டா எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடும். மறுநாள் காலையில ஸ்க்ரூடிரைவர் செட்டோட உட்கார்ந்தேன். பின் சீட்டைக் கழட்டினேன். தடியா ஆரஞ்சு கலர்ல ஒரு கேபிள் தெரிஞ்சுது. கையில வெள்ளிக் காப்பு வேற. பேட்டரி மூடியோட முதல் போல்ட்டுல கை வைக்கும்போது பின்னாடி அப்பா குரல்.

"புரொப்பல்லர்ல வலை சிக்கிக்கிச்சுன்னா, இன்ஜினை நிறுத்தாம கை வைப்பாங்களாடா?"

கையை எடுத்துட்டேன். அப்புறமா உட்கார்ந்து நிதானமா படிச்சப்பதான் வேர்த்துச்சு.

அந்தப் பேட்டரிக்குள்ள 28 மாட்யூல் வரிசையா இருக்கு. ஒவ்வொரு மாட்யூல்லயும் ஆறு செல், செல்லுக்கு 1.2 வோல்ட். மொத்தம் 168 செல், 201.6 வோல்ட். அதுவும் டிசி. ஆளைக் கொல்றதுக்குத் தாராளமாப் போதும். ஆரஞ்சு கேபிள்னாலே "கிட்ட வராதே"ன்னு அர்த்தம். சர்வீஸ் பிளக்னு ஒண்ணு இருக்கு. அதைக் கழட்டிட்டு, இன்வெர்ட்டர்ல தேங்கியிருக்கிற மின்சாரம் வடியறதுக்குப் பத்து நிமிஷமாவது விடணும். அப்பவும் கேபிள்தான் செத்துப்போகும், பேட்டரி சாகாது. செல்லுக்குள்ள இருக்கிற மின்சாரம் எங்க போகும்? பிளக்கைக் கழட்டினாலும் உள்ள பாதிப் பாதியா உயிரோடதான் உட்கார்ந்திருக்கும். நான் பிளக்கையே கழட்டாம போல்ட்டுல கை வச்சவன்.

அப்பத்தான் யாழ்ப்பாணத்து அண்ணன் ஞாபகம் வந்துச்சு.

நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடறாங்க இல்லையா? 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி தொடங்கினது. எங்க ஊர்லேருந்து நாகை ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கேருந்து கடல்ல நாலு மணி நேரம். எங்க டீம்ல வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துப் பையன் கூப்பிட்டான்னு 2025ல ஒரு தடவை போயிருந்தேன். அவனோட அண்ணன் அங்க கராஜ் வச்சிருக்கார். (நாம ஒர்க்‌ஷாப்னு சொல்றதை அவங்க கராஜ்ங்கறாங்க. பேட்டரியைப் பற்றறின்னு எழுதறாங்க. பெட்ரோல் அங்க பெற்றோல். முதல் நாள் போர்டைப் பார்த்துட்டு "பெற்றோர் சங்கமா?"ன்னு கேட்டு மானத்தை வாங்கிக்கிட்டேன்.)

தெருவுக்குத் தெரு ப்ரியஸ், அக்வா, வெசல். நம்ம ஊர்ல ஆயிரம் கார்ல ஒண்ணு பார்க்கறதே கஷ்டம். அங்க ஆட்டோ நிக்கிற மாதிரி நிக்குது. எல்லாம் ஜப்பான்ல ஓடி முடிச்சுட்டு வந்த வண்டிங்க. காரணத்தை அண்ணன்தான் சொன்னார். 2020 மார்ச்ல டாலர் தட்டுப்பாடு வந்து இலங்கையில வாகன இறக்குமதியையே நிறுத்திட்டாங்க. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில. நடுவுல 2022ல பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கணக்குல வரிசை. அந்த ஜூன் கடைசியில லிட்டர் 470 ரூபாய், அவங்க காசுல. ஜூலையில க்யூஆர் அட்டை வந்தப்ப காருக்கு வாரத்துக்கு 20 லிட்டர். அந்த 20 லிட்டர்ல ஒரு வாரத்தை ஓட்டணும்னா கையில இருக்கிற ஹைபிரிட் உயிரோட இருக்கணும். புது வண்டி வராது. புது பேட்டரி வந்தாலும் விலை எட்டாது. அதனால இருக்கறதைப் பிரிச்சு, அளந்து, கழுவி, மறுபடி கோத்து ஓட்டக் கத்துக்கிட்டாங்க. வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்னு பார்த்துட்டு, நல்லூர் போய் சாமி கும்பிட்டுட்டு ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு நாள் எனக்கே தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?

போன் போட்டேன். கோடு நம்பரைச் சொன்னதும் சிரிச்சார்.

"முழுப் பற்றறியையும் மாத்தச் சொல்லீட்டாங்களோ? பொறும் தம்பி, அவசரப்படாதையும். பின் சீட்டுக்கு வலப்பக்கம் ஒரு காத்துத் துவாரம் இருக்கு. அதில என்ன கிடக்குது?"

எட்டிப் பார்த்தேன். அம்மாவோட தலகாணி கிடந்துச்சு.

அதுக்குப் பின்னாடிதான் விஷயம் இருக்கு. அந்தப் பேட்டரிக்குக் காருக்குள்ள இருக்கிற காத்துதான் ஏசி. சீட்டோரம் இருக்கிற துவாரம் வழியா ஒரு ஃபேன் காத்தை இழுத்து மாட்யூல்களுக்கு நடுவுல விடுது. நிக்கல் செல்லுக்குச் சூடுதான் முதல் எதிரி. நான் என்ன செஞ்சிருக்கேன்? அம்மா சாய்ஞ்சு படுக்க வசதியா இருக்கட்டும்னு, ஒரு வருஷமா அந்தத் துவாரத்து மேலயே தலகாணியையும் மருந்து வயர்கூடையையும் அடுக்கி வச்சிருக்கேன். மே மாச வெயில்ல பேட்டரி மூச்சு முட்டியிருக்கு. தப்பு வண்டி மேல இல்ல.

அண்ணன் சொன்ன வரிசை இதுதான். நமக்கும் உதவும்னு எழுதறேன்.

முதல்ல டிக்கியில இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கணும். அது சோர்ந்துட்டா வண்டி தாறுமாறா லைட் போடும், ஸ்டார்ட்டே ஆகாது. பெரிய பேட்டரி போச்சுன்னு பல பேர் ஏமாறுறது இங்கதான். என்னோடது சரியா இருந்துச்சு.

ரெண்டாவது, ஓபிடி அடாப்டர். ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குது. ப்ளூடூத்ல போனோட இணைச்சா பேட்டரியை ரெண்டு ரெண்டு மாட்யூலா 14 பிளாக்காப் பிரிச்சு வோல்டேஜ் காட்டுது. வண்டி ஓடும்போது 13 பிளாக் சேர்ந்து ஏறி இறங்குச்சு. ஒண்ணு மட்டும், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா தனியா ஒரு வோல்ட்டுக்கு மேல கீழ விழுந்துச்சு. லாக் ஃபைல் பார்த்தே பொழப்பு ஓட்டறவன் நான். முதல் நாளே இதைப் பார்க்காம ஸ்க்ரூடிரைவரைத் தூக்கினதை நினைச்சா வெட்கமா இருக்கு.

மூணாவது, ஃபேன். காப்பைக் கழட்டி, சர்வீஸ் பிளக்கை எடுத்து, நேரம் விட்டு, ஃபேனை மட்டும் வெளிய எடுத்தேன். பேட்டரி மூடியைத் தொடல. இறக்கை முழுக்கப் பஞ்சும் எங்க ஊர்க் கடற்கரை மணலும் கெட்டியா அப்பியிருந்துச்சு. அப்பா வாங்கி, பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொரு இறக்கையாத் துடைச்சார்.

அவருக்கு இது புதுசு இல்ல. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் எங்க படகு இன்ஜின் மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. எனக்கு ஏழு வயசு. தோண்டி எடுத்து, நல்ல தண்ணியில கழுவி, டீசல்ல ஊறவச்சு, போல்ட் போல்ட்டா துடைச்சு, முற்றத்துல சாக்கு விரிச்சு அடுக்கி வச்சிருந்தார். எல்லாரும் தூக்கிப் போடச் சொன்னாங்க. அந்த இன்ஜின்தான் நான் காலேஜ் சேர்ற வரைக்கும் எங்களுக்குச் சோறு போட்டுச்சு.

ஃபேனை மாட்டினதும் லைட் நாலு நாள் வரல. ஆனா அந்தச் சோணி பிளாக் அப்படியேதான் இருந்துச்சு. பேட்டரியைத் திறந்துதான் ஆகணும். அதை நான் செய்யல. அண்ணன் கண்டிப்பாச் சொல்லிட்டார். "மிச்சம் பிடிக்கிற இடம் வேற, உயிரை வைக்கிற இடம் வேற, தம்பி."

சென்னையில ஹைபிரிட் வண்டி மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடிச்சேன். வெயில் ஏறறதுக்குள்ள போய்ச் சேரணும்னு ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினோம், நானும் அப்பாவும். ஆயிரம் வோல்ட் தாங்கற ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு அவர் மூடியைத் திறந்தார். மாட்யூல்களை இணைக்கிற செப்புப் பட்டை எல்லாம் பச்சைப் பச்சையாப் பூத்திருந்துச்சு. அப்பா எட்டிப் பார்த்துட்டு, "உப்புக்காத்து"ன்னார், டாக்டர் மாதிரி. 28ல ஒரே ஒரு மாட்யூல்தான் மோசம். அதே அளவு திறன் இருக்கிற பழைய மாட்யூல் ஒண்ணைத் தேடி, மூணு தடவை சார்ஜ் ஏத்தி இறக்கி, பட்டையெல்லாம் சுத்தம் பண்ணிக் கோத்துக் கொடுத்தார். மூணு நாள் ஆச்சு. செலவு, அந்த முதல் கொட்டேஷன்ல பத்துல ஒரு பங்கு.

இதோட சுபம் போட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். மிச்ச 27 மாட்யூலும் அதே வயசுதான். ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு படுக்கலாம். மெக்கானிக்கே சொன்னார், "ஒரு வருஷமும் வரும், மூணு வருஷமும் வரும், எழுதிக் கொடுக்க முடியாது." பழைய ஹைபிரிட்டைச் சீப்பா ஓட்டறதுன்னா, பெரிய செலவைத் தள்ளிப் போடறதுதான். இல்லாமப் பண்ண முடியாது. அதனால பெட்ரோல்ல மிச்சமாகிறதை மாசாமாசம் போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில போடறேன். அது புது பேட்டரிக்கு. வேற செலவும் பெருசா இல்ல. இந்த வண்டியில கிளட்ச் இல்ல, ஆல்டர்னேட்டர் இல்ல, இன்ஜின்ல பெல்ட்கூட இல்ல. மோட்டாரே பாதி பிரேக் பிடிக்கறதால பிரேக் பேடு சீக்கிரம் தேயறதில்ல. இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் இருக்கு, அதை மறக்காம மாத்தணும். 15 வருஷம் முடியறதால ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாய் ஃபீஸ் தனி.

போன வாரம் மறுபடி ஜிப்மர். வெயில் கொளுத்துச்சு. அதே கொள்ளிடம் பாலம், அதே ரோடு. சீர்காழி வர்ற வரைக்கும் நான் ரோட்டைப் பார்த்ததைவிட டேஷ்போர்டைப் பார்த்ததுதான் அதிகம். ஒண்ணும் வரல.

தலகாணி இப்ப இடப்பக்கம். அம்மாவுக்கு அது கொஞ்சம் அசௌகரியம்தான். "ஏண்டா மாத்தி வச்ச?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா முந்திக்கிட்டார்.

"அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். இப்படியே படு."

(பி.கு: பேட்டரி மூடியை மட்டும் நீங்களாத் திறந்துடாதீங்க. துவாரத்தை இன்னிக்கே பார்த்துடுங்க. காசு கிடையாது.)