வட்டுக்குப் பூட்டு

நம் சங்கத்தின் உறுப்பினர் முகவரிகள் என் மடிக்கணினியில் உள்ளன. இரயிலில் அது களவு போயின் அயலார் படிக்கலாகாது. ஆகவே 2024-ஆம் ஆண்டில், உபுண்டு 24.04-ஐ மறையாக்கப் பூட்டுடன் நிறுவ முற்பட்டேன். விண்டோஸ் பகுதியிலோ காலஞ்சென்ற என் தாயாரின் குரற்பதிவுகள் இருந்தன. வட்டு முழுவதையும் அழித்தாலன்றிப் பூட்ட இயலாது என்றது நிறுவி. விண்டோஸை விட்டுவைத்து அருகில் நிறுவும் வழியில் பூட்டே இல்லை. நாமே பகுதி பிரிக்கும் வழியிலும் இல்லை. புதுப் பூட்டுக்காகக் குடியிருக்கும் வீட்டை இடிப்பார் உண்டோ? பொத்தானை அழுத்தப்போன விரலை மீட்டுக்கொண்டேன்.

டெபியன் நிறுவியில் நானே பகுதி பிரித்து, 'லக்ஸ்' முறையில் பூட்டினேன். கணினியைத் துயிலெழுப்பும் பகுதி மட்டும் திறந்தே கிடக்கிறது. அதன் பெயரோ 'பூட்'! கடவுச்சொல்லை மறந்தால் மீட்சியில்லை. அம்மாவின் குரலை வேறொரு வட்டிலும் படியெடுத்து, அலமாரியில் வைத்திருக்கிறேன்.