மீன் பொரித்த எண்ணெய்

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் கொடியேறிவிட்டால் அமிர்தகழிக் குசினிகளில் மீன் மணம் நின்றுவிடும். ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும்வரை சைவம்தான். வடைக்குப் புது எண்ணெய் வரும். மீன் பொரித்த எண்ணெய் போத்தலோடு மூலைக்குப் போகும். தீர்த்தம் முடிந்து, இறால் வாங்கி வந்து, தாச்சியை அடுப்பில் வைக்கும்போதுதான் அந்தப் போத்தலின் நினைவு வரும். மூடியைத் திறந்தால் காறல் மணம்.

தேங்காயெண்ணெய் கெடாது என்பார்கள். பாதி உண்மை. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் காற்றுப் பட்டு மெதுவாகத்தான் காறும். தண்ணீர்தான் அதற்கு எமன். ஈரத்தோடு கொதிக்கையில் கொழுப்பு உடைந்து லோரிக் அமிலம் பிரியும். சவர்க்காரச் சுவை தட்டுவது அதனால்தான். மீன் பொரித்த எண்ணெயில் மீனின் கொழுப்பும் கலந்துவிடும். அது காறுவதற்கு நாளெடுக்காது.

வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் முதல் வேலை வடிப்பது. நன்றாக ஆறியபின் துணியில் வடியுங்கள். அடியில் கிடக்கும் கருகிய தூளும் உப்பும் ஈரமும்தான் பகை. கடைசிக் கரண்டி எண்ணெய்க்கு ஆசைப்பட்டு மண்டியையும் சாய்த்தால் போத்தல் முழுதும் போச்சு. சொட்டு ஈரமில்லாத சிறிய கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டில் வையுங்கள். செம்பு, இரும்புப் பாத்திரம் ஆகாது. அந்த உலோகங்கள் காறலைத் துரிதப்படுத்தும். அடுப்பங்கரைத் தட்டும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வெள்ளையாய் உறைந்தால் பயப்படாதீர்கள், தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும்.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் எண்ணெய் விலை ஏறியபோது, பழசோடு புதுசைக் கலந்து ஓட்டாத வீடு குறைவு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பழசு புதுசாவதில்லை, புதுசுதான் சீக்கிரம் கெடும். பொரிக்கும்போதே சேர்ந்துவிட்ட கேட்டை எந்தப் போத்தலும் குறைக்காது. இந்தியாவில் 2018 முதல், முனைவுச் சேர்மங்கள் (பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து உருவாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தத் தடை. நம் வீட்டில் அதை அளக்கக் கருவி ஏது? நுரை அடங்காவிட்டாலோ, வழமைக்கு முன்பே புகைந்தாலோ, எண்ணெய் தடித்துக் கறுத்தாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், மீன் பொரித்த எண்ணெயைக் கொடியேறுமுன்பே முடித்துவிடுவது நல்லது. மிஞ்சியதைக் கானுக்குள் மட்டும் ஊற்றாதீர்கள். கான் தண்ணீர் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது.