கரண்ட் நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

ரொறன்ரோவின் ஸ்காபறோவில் உள்ள அந்த வீட்டுக்கு மீன் தொட்டி இன்னும் வந்து சேரவில்லை. வரவேற்பறைத் தரையில் நீல நாடாவால் ஆறடிக்கு இரண்டடியில் ஒரு நீள்சதுரம் ஒட்டியிருந்தது. அதன் ஒரு மூலையில் பென்சிலால் நான்கு வட்டங்கள். "மூண்டு இறங்கிறதுக்கு, ஒண்டு ஏறிறதுக்கு" என்றார் அண்ணை. அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோலப் பேஸ்மென்ற் படியில் இறங்கிவிட்டார். நானும் பின்னால் போனேன்.

அறுபதை ஒட்டிய வயது. முன்பு வீடுகளுக்குக் குழாய் வேலை செய்தவர். இப்போது பவளத் தொட்டிகளுக்கு மட்டும் போகிறார். ரொறன்ரோ வீடுகளின் பேஸ்மென்ற் இந்த வேலைக்கு நல்ல வசதி. மேலே விருந்தினர் பார்க்கக் கண்ணாடித் தொட்டி மட்டும் இருக்கும். வடிகட்டி, அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், சூடாக்கி, பம்ப் எல்லாவற்றையும் கீழே இன்னொரு தொட்டியில் வைத்துவிடலாம். அதைத்தான் சம்ப் என்கிறார்கள். மேல்தொட்டியில் விளிம்பு தாண்டும் தண்ணீர் வடிபெட்டியில் விழுந்து, தன் பாரத்தில் கீழே இறங்கும். சுத்தமானதும் பம்ப் அதை மேலே தள்ளும். சத்தம், ஈரம், வாளி, உப்புக்கறை எதுவும் வரவேற்பறைக்கு வராது.

பேஸ்மென்ற் கூரையில் பலகை அடிக்காத பகுதியில் மரச் சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. தொட்டியில் ஏறக்குறைய 680 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னை எட்டும். அந்தப் பாரத்தை ஒரே சட்டம் தாங்கக்கூடாது என்பதற்காகத் தொட்டியைச் சட்டங்களுக்குக் குறுக்காக, சுமைதாங்கும் சுவரை ஒட்டி வைக்கச் சொல்லியிருந்தார். ஐ வடிவச் சட்டத்தில் நடுப்பலகையைத்தான், அதுவும் தயாரித்தவர் அனுமதித்த இடத்தில்தான், துளைக்கலாம். மேல், கீழ் விளிம்புகளில் வாள் படக்கூடாது. உதவிக்கு வந்த பெடியன், அவருடைய மருமகன், துளையிடும் முன் மூன்று தடவை அளந்தான். "இன்னொருக்கா அளவடா" என்றார் மாமன். நான்காவது தடவையும் அளந்தான்.

குழாய்கள் எல்லாம் ஒன்றரை அங்குல பிவிசி. ஒரு அங்குலம் போதாதா என்று கேட்டேன். பதினோரு அடி உயரம் ஏற்றுவதிலேயே பம்பின் பலத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது என்றார். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லீற்றர் கணக்கு உயரமே இல்லாமல் எடுத்தது. மிச்சமிருக்கும் பலத்தைக் குழாயின் உராய்வு தின்னக்கூடாது. அதே அளவு தண்ணீரை ஒரு அங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அங்குலத்தில் விட்டால் உராய்வு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிறது. நேர்கோண முழங்கை ஒன்று வரவேண்டிய இடத்தில் 45 பாகை முழங்கைகள் இரண்டைப் போட்டார். கிடையாகப் போகும் வடிகுழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தார். சரிவில்லாத குழாயில் காற்று தங்கி, இரவெல்லாம் களகளக்கும்.

பிவிசி ஒட்டுவதைப் பசை வேலை என்று நினைத்திருந்தேன். அது குழாயையும் மூட்டையும் மேலோட்டமாகக் கரைத்து ஒன்றாக்குகிறது. ஊதா நிற பிரைமர் பூசி, சீமெந்து தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். மூட்டின் உட்புறம் குறுகிச் செல்வதால் கையை விட்டால் குழாய் மெல்லப் பின்னுக்கு வந்துவிடும். பெடியன் ஒவ்வொரு மூட்டையும் பிடித்தபடி வாய்க்குள் முப்பது எண்ணினான்.

வீட்டுக்குழாய்க்காரர் கைக்கு இயல்பாக வரும் பித்தளை வால்வு இங்கே உதவாது. பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கசியும் செம்பு மீனைக் கொல்லுமுன்பே பவளத்தையும் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். அப்படி ஒரு வீட்டில், ஒரேயொரு பித்தளை வால்வால், தொட்டி முழுக்கச் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். யார் பூட்டியது என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு தன் பெட்டியில் பித்தளைச் சாமானே வைப்பதில்லை.

இவ்வளவையும் சொன்னபிறகுதான் கையிலிருந்த மட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க ஒரே கேள்விக்கான கணக்கு: கரண்ட் நின்றால் எவ்வளவு தண்ணீர் கீழே வரும்? பம்ப் நின்றதும் ஏற்றுகுழாய் எதிர்த்திசையில் உறிஞ்சத் தொடங்கும். அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்து காற்றை இழுக்கும்வரை நிற்காது. இந்தத் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பது 28 லீற்றர். வாய் ஒரு அங்குலம் மூழ்கியிருந்தால் அந்த 28, குழாய்களில் நிற்கும் 16, வடிபெட்டியில் 8, ஆக 52 லீற்றர். நாலடிக்கு ஒன்றரை அடியான சம்பில் அது மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் ஏறும். ஒன்பது அங்குலத்தில் ஓடும் சம்ப் பதின்மூன்றைத் தொடாமல் நிற்கும். சம்பின் உயரம் பதினாறு. வாயை நாலு அங்குலம் ஆழத்தில் வைத்திருந்தால் கிட்டத்தட்ட 137 லீற்றர் வந்து தரையில் வழியும். மூன்று அங்குல வித்தியாசம் தரைவிரிப்பையும் சுவரையும் நாசமாக்கிவிடும்.

"ஒருவழி வால்வு போட்டால் தண்ணி திரும்பாதே அண்ணை?"

"ஒரு குட்டி நத்தை போய் அதுக்குள்ள இருந்தால் காணும் தம்பி, வால்வு மூடாது. சுண்ணாம்பு படிஞ்சாலும் அதே கதைதான். அதை நம்பி நித்திரை கொள்ளேலுமே?"

2013 டிசம்பரின் உறைமழைப் புயலைப் பற்றிச் சொன்னார். ரொறன்ரோவில் மட்டும் மூன்று இலட்சம் அளவான மின் இணைப்புகள் அறுந்தன; சில வீடுகளில் நாட்கணக்கில் இருட்டு. பம்புகள் எல்லாம் ஒன்றாக நின்ற அந்த இரவில் எந்த வீட்டுக் கணக்கு சரி, எந்த வீட்டுக் கணக்கு பிழை என்று தெரிந்துவிட்டதாம்.

தண்ணீருக்குக் காவல் நிற்பது அவருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பு தோட்டம் செய்தவர். "அப்பு துலா மிதிக்க நான் பாத்தியிலை நிண்டு தண்ணி மாறுவன். மண்வெட்டி கொஞ்சம் பிந்தினாலும் வாய்க்கால் உடைச்சுப்போடும். அங்க உடைச்சால் பக்கத்துப் பாத்திக்குத்தான் போகும். இங்க ட்ரைவோலுக்குள்ள போயிரும்." இதைச் சொல்லும்போதும் அவர் கை சம்புக்குப் பக்கத்திலிருந்த கேற் வால்வைத் திருகிக்கொண்டிருந்தது.

அந்த வால்வில்தான் இறங்கும் மூன்று குழாய்களின் சூட்சுமம் இருக்கிறது. முதற்குழாய் காற்றே இல்லாமல் நிரம்பி ஓடும்; அதனால் சத்தமில்லை. வால்வை மயிரிழை அளவுக்கு இறுக்கினால் மிஞ்சும் சிறு கசிவு இரண்டாவது குழாயில் சுவரோரமாக வழியும். மூன்றாவது எப்போதும் வெறுமையாக, சற்று உயரமாக நிற்கும். முதலாவது அடைத்தால் மட்டம் உயர்ந்து மற்ற இரண்டும் பாரத்தை எடுக்கும். இதைச் சரிசெய்யப் பல சுற்றுத் திருகும் கேற் வால்வு வேண்டும். கால் திருப்பில் மூடும் போல் வால்வில் அந்த நுணுக்கம் வராது. பயனே இல்லாததுபோல நிற்கும் அந்த மூன்றாவது குழாய்க்குத்தான் அவர் அதிக நேரம் செலவழித்தார்.

மூன்று கிழமை கழித்து மறுபடி போனேன். தொட்டி வந்திருந்தது, நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உப்புக் கலக்குமுன் ஒரு முழு நாள் இப்படி ஓடவிட்டு ஒவ்வொரு மூட்டையும் காகிதத் துண்டால் துடைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்கார அக்கா, இலங்கைக் கடலிலிருந்து வரும் நீல உடலும் மஞ்சள் முதுகுத் துடுப்பும் கொண்ட பவுடர் புளூ மீன் ஒன்றை இந்தத் தொட்டிக்காகவே கடையில் சொல்லிவைத்திருந்தார். மூன்று மாதமாவது தொட்டி தனியே ஓடிப் பழுக்கவேண்டும் என்று அண்ணை அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

பிறகு பிளக்கைப் பிடுங்கினார். பம்பின் இரைச்சல் நின்றது. மேலிருந்து தண்ணீர் இறங்கியது. சம்பின் மட்டம் ஏறியது. மேலே மருமகன் "காத்து இழுக்குது மாமா" என்று கத்தினான். பெடியனின் குரலுக்குப் பிறகும் ஒரு சின்ன ஓட்டம் வந்து நின்றது. அண்ணை அளவுகோலை வைத்தார். பன்னிரண்டே முக்கால். பிளக்கைப் போட்டார், மட்டம் பழைய இடத்துக்கு வந்ததும் மறுபடி பிடுங்கினார். ஆறு தடவை. ஆறாவதுக்குப் பிறகு, ஓடும் மட்டத்தில் கண்ணாடியின்மேல் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

"பிள்ளை, இந்தக் கோட்டுக்கு மேல ஒரு கோப்பை தண்ணியும் விடக்கூடாது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஏழாவது தடவையாகப் பிளக்கைப் பிடுங்கினார்.