கமகுராவில் ஒரு ரயில்வே கேட்

ஜப்பானில் கடலோரமாக ஓடும் குட்டி ரயில் ஒன்று இருக்கிறது. பெயர் எனோடென். ஃபுஜிசாவாவிலிருந்து கமகுரா வரை மொத்தமே 10 கிலோமீட்டர், 15 ஸ்டேஷன்கள். சில இடங்களில் வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டே போகும். டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் கமகுரா வந்து, இதற்கு மாறிக்கொள்ளலாம்.

'கமகுராகோகோ-மே' என்ற ஸ்டேஷனில் இறங்குங்கள். 'கமகுரா மேல்நிலைப் பள்ளி எதிரில்' என்று அர்த்தம். நம்மூர் பஸ் ஸ்டாப் பெயர் மாதிரிதான். ஒரே ஒரு பிளாட்பாரம். பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணெதிரே சகாமி விரிகுடா. வானம் தெளிந்திருந்தால் ஃபுஜி மலையும் தெரியும்.

இவ்வளவு இருந்தும், கூட்டம் நிற்பது பக்கத்தில் இருக்கும் லெவல் கிராஸிங்கில்! தைவான், கொரியா, சீனா என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

காரணம், 'ஸ்லாம் டங்க்'. மாங்காய் அல்ல, மாங்கா. அதாவது ஜப்பானிய காமிக்ஸ். இனோவே டகேஹிகோ வரைந்த இந்தப் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் கதை, 1990 முதல் 1996 வரை தொடராக வந்து 31 தொகுதிகளானது. 1993-ல் இதை டி.வி. அனிமேவாக எடுத்தார்கள். அதன் தொடக்கப் பாடலில்தான் இந்த கேட் வருகிறது. சிவப்பு முடிக்கார ஹீரோ சகுராகி இந்தப் பக்கம் நிற்க, அந்தப் பக்கம் ஹாருகோ கையசைக்க, நடுவே ரயில் கடந்து போகும். சில நொடிக் காட்சிதான். அதற்கு இத்தனை கூட்டம்.

மாங்காவின் உள்பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அந்த முடிக்குச் சிவப்பையும், கடலுக்கு நீலத்தையும், ரயிலுக்குப் பச்சையையும் அள்ளிக் கொடுத்தது அனிமே. கூடவே ஒரு பாட்டு. மனசில் பாட்டோடு பதிந்த இடத்தைத் தேடிப் போகாமல் இருக்க முடியுமா?

ஆனால் கதை என்று வந்தால் என் ஓட்டு மாங்காவுக்கே. டி.வி. தொடர் 101 எபிசோடுகள் ஓடியும், தேசியப் போட்டிக்கு முன்பே நின்றுவிட்டது. கதையின் உயிரான சன்னோ பள்ளியுடனான ஆட்டம் அதில் இல்லவே இல்லை! மாங்காவில் அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வசனம் கிட்டத்தட்ட கிடையாது. வேர்வை, ஷூ, பந்து, கண்கள் மட்டும். பக்கம் புரட்டும் விரல் தானாக வேகமெடுக்கும். அந்த வேகத்தை எந்த டி.வி.யாலும் நமக்காகத் தீர்மானிக்க முடியாது.

இனோவேக்கே அந்தக் குறை உறுத்தியதோ என்னவோ, 2022-ல் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படத்தைத் தானே எழுதி இயக்கினார். சன்னோ ஆட்டம் முதன்முறையாக அசைந்தது. ஆனால் கதையின் மையம் சகுராகி அல்ல. ஒகினாவாவிலிருந்து வந்த குள்ளப் பையன் மியாகி ரியோட்டா. மாங்காவை வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர்களுக்கும் அது புதுப்படம்தான். அங்கேயும் கடைசி நொடிகளில் சத்தத்தை அணைத்துவிட்டார் மனிதர்!

படத்துக்குப் பிறகு கிராஸிங்கில் கூட்டம் இன்னும் கூடியது. படமெடுக்க நடுரோட்டில் நிற்பவர்களால் அங்கே குடியிருப்பவர்களுக்குத் தினமும் தலைவலி. நகராட்சி காவலாளிகளை நிறுத்தி, பல மொழிகளில் அறிவிப்பும் வைத்திருக்கிறது. போகிறவர்கள் நடைபாதையிலேயே நில்லுங்கள். ரயில் அடிக்கடி வரும், அவசரம் வேண்டாம்.

படமெடுத்த கையோடு கிளம்பிவிடாமல், கொஞ்சம் கடல் பக்கமும் போய் நில்லுங்கள். மாங்காவின் கடைசி அத்தியாயம் ஒரு கடற்கரையில்தான் முடிகிறது. முதுகில் அடிபட்டுச் சிகிச்சையில் இருக்கும் சகுராகி, மணலில் உட்கார்ந்து ஹாருகோவின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பான். டி.வி. தொடர் அதுவரை போகவில்லை. அதனாலோ என்னவோ, இங்கே எல்லோரும் கடலுக்கு முதுகு காட்டித்தான் செல்ஃபி எடுக்கிறார்கள்.