கிரீடம் போட்ட முத்திரை

"தம்பி, வீட்டுல சின்னப் புள்ள இருக்கு. துப்பாக்கியெல்லாம் எதுக்குப்பா?" வீடியோ காலில் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். மருந்தும் கிடையாது, குண்டும் கிடையாது, இது வெறும் பழைய இரும்பும் வால்நட் கட்டையும்தான் என்று எவ்வளவு சொல்லியும் அம்மா சமாதானம் ஆகவில்லை.

பிரஸ்ஸல்ஸுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இங்கே வந்தபிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ரயிலில் ஒரு மணி நேரம் போனால் லியேஜ். பல நூறு வருஷமாகத் துப்பாக்கி செய்கிற ஊர். மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கிராண்ட் குர்ட்சியஸ் மியூசியத்துக்கு ஒரு மழைநாளில் ஒதுங்குவதற்காகப் போனேன். சாத்தும்போதுதான் வெளியே வந்தேன். எதையாவது பிரித்துப் பார்த்தே பழகின கை, சும்மா இருக்குமா?

முதலில் 180 யூரோவுக்கு ஒரு சின்ன பாக்கெட் பிஸ்டல் வாங்கினேன். சாதாரணமான சரக்கு. ஆனால் படிக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். லியேஜில் செய்யும் துப்பாக்கிக் குழலில் அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அந்த ஊர் அப்போது பிரான்ஸின் கையில் இருந்தது. 1810-ல் நெப்போலியன் போட்ட ஆணைக்குப் பிறகு வந்த முத்திரை, ஒரு முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்து. 1893-ல் அதன் தலையில் ஒரு கிரீடம் சேர்ந்தது. நம்ம பாஷையில் சொன்னால் இதுதான் அந்தப் பொருளின் கிட் லாக். விற்கிறவர் என்ன கதை வேண்டுமானாலும் சொல்லலாம், லாக் மாறாது.

இவ்வளவு தெரிந்த நான்தான் ஏமாந்தேன்.

ஒரு பழம்பொருள் கண்காட்சியில் அந்த சக்கிமுக்கி பிஸ்டலைப் பார்த்தேன். கைப்பிடியில் வெள்ளித் தகடு, அதில் 1815 என்று செதுக்கியிருந்தது. வாட்டர்லூவில் ஓர் அதிகாரி வைத்திருந்தது, குடும்பச் சொத்து என்றார் விற்றவர். வாட்டர்லூ எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். 1815 ஜூன் 18 அன்று அந்த வயலில் இது இருந்திருக்கும் என்று நினைத்ததும் மூளை வேலை செய்யவில்லை. 1,400 யூரோ. பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த டிக்கெட் காசு. மனைவியிடம் 400 என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாக உறுத்தியது. கையால் மரை வெட்டின பழைய ஸ்க்ரூ, அதனதன் ஓட்டையில்தான் சரியாக உட்காரும். இதில் எதை எங்கே மாற்றிப் போட்டாலும் சரியாக உட்கார்ந்தது. நல்ல வேலைப்பாட்டில் இரும்பும் கட்டையும் சேருகிற இடத்தில் நகம் நுழையாது. இதில் விசிட்டிங் கார்டு நுழைந்தது. தகட்டின் ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருக்க, 1815 மட்டும் விரலைக் கீறுகிற மாதிரி கூர்மையாக இருந்தது. குதிரையை இழுத்தால் பாதியில் ஒன்று, முழுசாக ஒன்று என்று இரண்டு சுத்தமான சத்தம் வரவேண்டும். இதில் பழைய கதவு மாதிரி ஒரு முனகல்.

முத்திரை குழலின் அடியில், கட்டைக்குள் மறைந்திருக்கும். ஆணியைத் தட்டிக் கழற்றினால் தெரிந்துவிடும். எட்டு மாதம் நான் கழற்றவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

கடைசியில் லியேஜ் பக்கத்தில் ஹெர்ஸ்டலில் இருக்கும் ஓய்வுபெற்ற துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஐந்து நிமிஷத்தில் குழலைக் கழற்றி, ஒன்றும் பேசாமல் லென்ஸை என்னிடம் நீட்டினார். மூன்று எழுத்து. மேலே அழகாக ஒரு கிரீடம்.

1893-க்குப் பிறகு சக்கிமுக்கி பிஸ்டலை யார் செய்வார்கள் என்று கேட்டேன். சிரித்தார். ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வதற்காக அந்தக் காலத்திலும் லியேஜில் சக்கிமுக்கித் துப்பாக்கி செய்துகொண்டுதான் இருந்தார்களாம். தொப்பியும் தோட்டாவும் கிடைக்காத இடத்தில் கல் இருந்தால் போதுமே. ஆக, பொருள் போலி இல்லை. பின்னால் யாரோ ஒட்டவைத்த அந்தத் தகடுதான் போலி.

விற்றவர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

போன வசந்தத்தில் நானே ஒரு கண்காட்சியில் அதை மேஜைமேல் வைத்தேன். கல்லூரிப் பையன் மாதிரி இருந்த ஒருத்தன் தகட்டைப் பார்த்தான். அவன் கண் விரிந்ததைப் பார்த்தேன். "வாட்டர்லூவா? 1,200 தரட்டுமா?" என்றான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல்தான் நின்றேன். 1,200 என்றால் மூன்று பேருக்கும் டிக்கெட்டில் பாதி வந்துவிடும். அப்புறம் குழலைக் கழற்றி லென்ஸை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் போய்விட்டான். சாயங்காலம் வேறொருவர், முத்திரையையும் பார்த்துவிட்டு, 350-க்கு வாங்கிக்கொண்டார். தகட்டைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூடவே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 1,400-ஐயும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, அந்தப் பையன்கிட்ட ஒரே நாள்ல சொல்லிட்டீங்க, எங்கிட்ட சொல்ல ஒன்றரை வருஷமா?" என்றாள்.

அந்த 180 யூரோ பிஸ்டல் இன்னும் ஷோகேஸில் இருக்கிறது.